தென் கரோலினா, 1876: 889 வாக்குகள்

அமெரிக்கத் தேர்தல்களைப் பற்றிய புத்தகங்களில் மயிரிழையில் முடிந்த போட்டிகளுக்கென்று ஓர் அட்டவணை இருக்கும். மாநிலம், ஆண்டு, வென்றவர், வித்தியாசம் என நான்கு பத்தி. அதில் தென் கரோலினா 1876 ஒரு வரி. குடியரசுக் கட்சியின் ரூதர்ஃபோர்டு ஹேய்ஸுக்கு 91,786 வாக்குகள், ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டனுக்கு 90,897, வித்தியாசம் 889. அட்டவணை உடனே அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுகிறது. என்னால் அந்த வரியைத் தாண்ட முடிந்ததில்லை. ஏறத்தாழ சரிபாதியாகப் பிரிந்து நின்ற ஒரு மக்கள் கூட்டத்தை அது கண்முன் நிறுத்துகிறது. அப்படி ஒரு கூட்டம் அங்கே இருக்கவேயில்லை.

எண்களிலிருந்தே தொடங்கலாம். 1875இல் மாநிலம் எடுத்த கணக்கெடுப்பின்படி வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பின ஆண்கள் 1,10,000க்குச் சற்று மேல், வெள்ளையர் 74,000 சொச்சம். இரண்டும் சேர்ந்து 1,85,000. பெட்டிகளில் விழுந்ததாக எண்ணப்பட்டவையோ 1,82,683. நூறு பேரில் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டவர்கள் வாக்களித்தார்களாம். நோயாளி, வெளியூர் போனவன், முப்பது மைல் நடக்க முடியாதவன், துப்பாக்கிக்குப் பயந்து வீட்டில் இருந்துவிட்டவன் என எல்லோருக்கும் சேர்த்து மிஞ்சிய இடம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். இன்னொன்றையும் பாருங்கள். மாநிலத்தின் ஒவ்வொரு வெள்ளைக்காரரும் டில்டனுக்கே வாக்களித்ததாக வைத்துக்கொண்டாலும் அவருடைய எண்ணிக்கைக்கு இன்னும் பதினாறாயிரம் வாக்குகள் குறைகின்றன. அந்தப் பதினாறாயிரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் அந்த ஆண்டின் கதை.

இன்றைய கட்சிகளை மனத்தில் வைத்து அன்றைய பெயர்களைப் படித்தால் குழப்பமே மிஞ்சும். குடியரசுக் கட்சி அன்று லிங்கனின் கட்சி. அடிமைத்தளையிலிருந்து வெளிவந்தவர்கள் அதையே தம் கட்சியாகக் கொண்டிருந்தார்கள். தெற்கில் ஜனநாயகக் கட்சி என்றால் பழைய அடிமை உடைமையாளர்களின் கட்சி. 1868இல் எழுதப்பட்ட தென் கரோலினாவின் அரசமைப்பு நிற வேறுபாடின்றி ஆண்களுக்கு வாக்குரிமை தந்தது. அதன் கீழ் அமைந்த சட்டமன்றத்தின் கீழவையில் கறுப்பர்களே பெரும்பான்மை. அந்தக் காலத்தில் வேறெந்த மாநிலத்திலும் அப்படி நடக்கவில்லை. எட்டாண்டுகள் அந்த ஆட்சி நடந்தது. அதில் ஊழல் இருந்தது, குறிப்பாக ஃபிராங்க்ளின் மோசஸ் ஆளுநராக இருந்த காலத்தில். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1874இல் ஆளுநரான மாசசூசெட்ஸ்காரர் டேனியல் சேம்பர்லின் செலவைக் குறைத்தார், சொந்தக் கட்சியின் ஊழல் பேர்வழிகளோடு மோதினார். சார்ல்ஸ்டனின் பெரிய நாளிதழை நடத்திவந்த ஃபிரான்சிஸ் டாசன் போன்ற ஜனநாயகக் கட்சியினரே 1876இன் முற்பாதியில் இவரை எதிர்க்க வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆட்சி சீர்பட்டுவந்தது. அதை வீழ்த்த வந்தவர்களைத் தூண்டியது ஊழல் மீதான கோபம் என்று பின்னாளில் எழுதப்பட்டதை நான் ஏற்காததற்கு இந்தக் கால வரிசையே காரணம்.

திருப்பம் ஜூலையில் வந்தது. சவானா ஆற்றின் கரையில், ஜார்ஜியாவின் அகஸ்டா நகருக்கு நேர் எதிரே ஹாம்பர்க் என்றொரு சிற்றூர். ஒரு காலத்தில் பருத்தி வணிகத்தால் செழித்தது, ரயில் பாதை ஆற்றைக் கடந்து அகஸ்டாவுக்குப் போனதும் நொடித்துவிட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு விடுதலை பெற்ற கறுப்பர்கள் அங்கே குடியேறி அதைத் தங்கள் ஊராக்கினார்கள். அங்கே நீதிபதியாக இருந்தவர் பிரின்ஸ் ரிவர்ஸ். போஃபர்ட்டில் அடிமையாகப் பிறந்து எசமானின் குதிரை வண்டியை ஓட்டியவர். போரில் விடுதலை பெற்ற அடிமைகளைக் கொண்டு அமைந்த முதல் தென் கரோலினாப் படையில் சார்ஜென்ட். 1863 ஜனவரி முதல் நாள் விடுதலைப் பிரகடனம் படிக்கப்பட்டபோது அந்தப் படையின் கொடியைக் கையில் வாங்கியவர்களில் ஒருவர். 1868 அரசமைப்பை எழுதிய மன்றத்திலும் பின்னர் சட்டமன்றத்திலும் உறுப்பினர். ஒரே மனிதரின் பதினைந்து ஆண்டுகளுக்குள் இவ்வளவும் நடந்தன.

1876 ஜூலை 4, அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டு நாள். டாக் ஆடம்ஸ் தலைமையிலான கறுப்பினக் காவல்படை ஹாம்பர்க்கின் அகலமான தெருவில் அணிவகுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. வண்டியில் வந்த இரண்டு வெள்ளை இளைஞர்கள் அணியின் நடுவே வழி கேட்டார்கள். வாய்த்தகராறு. கடைசியில் அணி பிளந்து வழிவிட்டது. இத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் ரிவர்ஸின் நீதிமன்றத்துக்கு வழக்காக வந்தது. ஜூலை 8 விசாரணை நாள். இளைஞர்களுக்கு வழக்கறிஞராக வந்தவர் கூட்டமைப்புப் படையின் முன்னாள் தளபதி மாத்யூ பட்லர். கூடவே நூற்றுக்கணக்கில் ஆயுதம் தாங்கிய ஆட்கள். வழக்கைப் பற்றி அவர் பேசவில்லை. காவல்படை தன் துப்பாக்கிகளை ஒப்படைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அவர்கள் மறுத்து, தங்கள் பயிற்சிக்கூடமாக இருந்த செங்கல் கட்டடத்துக்குள் போய்க் கதவடைத்தார்கள். ஆற்றைக் கடந்து அகஸ்டாவிலிருந்து பீரங்கி வந்தது. சண்டையில் மெக்கி மெரிவெதர் என்ற வெள்ளை இளைஞர் இறந்தார். தப்பியோட முயன்ற ஊர்க் காவலர் ஜேம்ஸ் குக் சுடப்பட்டார். இரவில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பிடிபட்டு வட்டமாக உட்காரவைக்கப்பட்டார்கள். அவர்களுக்குள்ளிருந்து பெயர் சொல்லி ஒவ்வொருவராக அழைத்துப் போய்ச் சுட்டார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது கட்டுமீறிய கோபத்தில் நடந்த ஒன்று என்று நினைக்க வழியிருக்கக் கூடாது. அந்தக் கூட்டத்தில் இருந்த பெஞ்சமின் டில்மன் பின்னாளில் ஆளுநராகவும் செனட்டராகவும் ஆனார். 1909இல் பழைய தோழர்கள் கூடிய விழாவில் அவரே பேசினார். எட்ஜ்ஃபீல்டு மாவட்டத்தின் தலைவர்கள் முதல் வாய்ப்பிலேயே ஒரு கலவரத்தை உண்டாக்கிக் கறுப்பர்களுக்குப் பாடம் புகட்ட முடிவெடுத்திருந்ததாக அவர் சொன்னது ஒப்புதல் வாக்குமூலம் அல்ல, பெருமைப் பேச்சு. ஹாம்பர்க் கொலைகளுக்காகப் பல பத்துப் பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஒருவர்கூட விசாரிக்கப்படவில்லை. பட்லரைச் சட்டமன்றம் 1877இல் செனட்டுக்கு அனுப்பியது. பதினெட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். 1916இல் பக்கத்து நகரமான வடக்கு அகஸ்டாவில் இந்த நிகழ்வுக்கு ஒரு கல்தூண் எழுப்பினார்கள். அது மெரிவெதருக்காக.

ஹாம்பர்க்குக்குப் பிறகு சமரசம் பேசியவர்கள் அடங்கிப் போனார்கள். டாசன் பக்கம் மாறினார். ஆகஸ்ட்டில் ஜனநாயகக் கட்சி, போருக்கு முன் தெற்கின் பெரிய அடிமை உடைமையாளர்களில் ஒருவராகவும் போரில் குதிரைப்படைத் தளபதியாகவும் இருந்த வேட் ஹாம்ப்டனை ஆளுநர் வேட்பாளராக்கியது. மேடையில் ஹாம்ப்டன் இதமாகப் பேசினார். கறுப்பர்களின் உரிமைகளைக் காப்பேன் என்றார். மேடைக்கு வெளியே வேலை செய்தது மார்ட்டின் கேரி என்ற வழக்கறிஞர் எழுதிய திட்டம். ஒவ்வொரு ஜனநாயகக் கட்சிக்காரரும் குறைந்தது ஒரு கறுப்பரின் வாக்கையாவது மிரட்டியோ விலைக்கு வாங்கியோ சாவடிக்கு வரவிடாமல் செய்தோ தன் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் ஒரு விதி. எதிர்க்கட்சிக் கூட்டங்களுக்கு ஆயுதத்தோடு குதிரைகளில் போய்ப் பேசும் நேரத்தில் பாதியைக் கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆகஸ்ட் 12 அன்று எட்ஜ்ஃபீல்டில் ஆளுநர் சேம்பர்லின் பேச எழுந்தபோது கேரியும் பட்லரும் நூற்றுக்கணக்கான குதிரைகளோடு வந்து அவர் குரலை அமுக்கினார்கள். குதிரைக்காரர்களின் சீருடை சிவப்புச் சட்டை. அந்த இலையுதிர்காலத்தில் மாநிலமெங்கும் அது தெரிந்தது.

செப்டம்பரில் எலன்டன் பக்கம் நடந்தது ஹாம்பர்க்கைவிடப் பெரியது. பல நாள் நீடித்தது. இறந்த கறுப்பர்களின் எண்ணிக்கை முப்பதிலிருந்து நூறுக்கு மேல் வரை பலவிதமாகச் சொல்லப்படுகிறது. சட்டமன்ற உறுப்பினர் சைமன் கோக்கரை ரயில் நிலையத்தில் பிடித்து, மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருக்கும்போதே சுட்டார்கள். அக்டோபரில் ஜனாதிபதி கிராண்ட் கூடுதல் படைகளை அனுப்பினார். அவை வந்ததால்தான் தேர்தல் என்ற ஒன்று நடந்தது. ஆனால் ஊருக்கு ஊர் நிற்குமளவுக்கு வீரர்கள் இல்லை.

கறுப்பர்களை வெறும் பலியாட்களாகக் காட்டும் எழுத்தும் எனக்கு உவப்பில்லை. அந்த ஆண்டு அவர்கள் முழு அரசியல் செய்தார்கள். கோடையில் கம்பாஹீ ஆற்றோர நெல் வயல்களில் கூலிக்கு வேலைநிறுத்தம் நடந்தது. மீண்டும் காங்கிரசுக்குப் போட்டியிட்ட ராபர்ட் ஸ்மால்ஸ் அங்கே போய்ப் பேச்சுவார்த்தை நடத்தினார். போர்க்காலத்தில் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து எதிரிக் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பிய அதே ஸ்மால்ஸ். ஹாம்ப்டனை ஆதரித்த கறுப்பர்களும் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் மார்ட்டின் டிலேனி. கறுப்பினத் தன்னாட்சியை அமெரிக்காவில் முதலில் பேசியவர்களில் ஒருவர், ஒன்றியப் படையில் மேஜராக இருந்தவர். குடியரசுக் கட்சியிடம் நம்பிக்கை இழந்து எதிர்ப்பக்கம் போனார். அக்டோபர் 16 அன்று சார்ல்ஸ்டன் அருகே கேன்ஹாய் என்ற இடத்தில் அவர் கலந்துகொண்ட கூட்டத்தில் கறுப்பினக் குடியரசுக் கட்சியினர் துப்பாக்கி எடுத்தார்கள். அங்கே இறந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். கடற்கரைப் பகுதியில் கறுப்பர்கள் அடர்த்தியாக இருந்த இடங்களில் அச்சம் இப்படி எதிர்த்திசையிலும் ஓடியது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெண்களுக்கு வாக்கில்லை. ஆனாலும் அந்தத் தேர்தலில் அவர்கள் அளவுக்கு உறுதியாக நின்றவர்கள் குறைவு. கணவன் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கப் போகிறான் என்று தெரிந்தால் வீட்டை விட்டு வெளியேறினார்கள். தேவாலயத்தில் அப்படிப்பட்டவனோடு பேச்சு நிறுத்தப்பட்டது. வாக்கு தனிமனிதனின் சொத்தல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் சொந்தமானது என்று அவர்கள் நினைத்தார்கள். மறைவான வாக்குச்சீட்டு அமெரிக்காவில் அப்போது வந்திருக்கவில்லை. கட்சிகளே தங்கள் சீட்டை அச்சிட்டுக் கொடுக்கும். கையில் எந்தச் சீட்டு இருக்கிறது என்பது சாவடி வாசலில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். நிலச்சொந்தக்காரருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். அடுத்த ஆண்டுக் குத்தகை போகுமா என்ற பயமும், ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் ஒரே வாசலில் நின்றன. அந்த வாசலைக் கடந்து குடியரசுக் கட்சியின் சீட்டைப் பெட்டியில் போட்டவர்களே அந்தத் தொண்ணூற்றோராயிரம் பேர்.

நவம்பர் 7 அன்று எட்ஜ்ஃபீல்டு நீதிமன்றக் கட்டடத்தின் படிகளைச் சிவப்புச் சட்டைகள் அடைத்துக்கொண்டன. கறுப்பர்கள் உள்ளே போக வழியில்லை. அந்த மாவட்டத்தில் எண்ணப்பட்ட வாக்குகள் அங்கே வாழ்ந்த வாக்காளர்களைவிட ஏறத்தாழ இரண்டாயிரம் கூடுதல். லாரன்ஸ் மாவட்டத்திலும் முறைகேடு. குடியரசுக் கட்சியினர் கையிலிருந்த மாநில வாக்கெண்ணும் குழு இரண்டு மாவட்டங்களின் சட்டமன்ற முடிவுகளைத் தள்ளியது. மாநிலம் முழுவதற்குமான எண்ணிக்கையில் விந்தையான ஒரு நிலை வந்தது. ஜனாதிபதித் தேர்தலில் ஹேய்ஸ் 889 வாக்குகளால் முன்னால். அதே நாள், அதே பெட்டிகள், ஆளுநர் தேர்தலில் ஹாம்ப்டன் 1,134 வாக்குகளால் முன்னால். ஹாம்ப்டனின் ஆட்கள் டில்டனைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. வாஷிங்டனில் யார் உட்கார்ந்தாலும் மாநிலத் தலைநகர் கொலம்பியா தங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. நடந்ததைப் பார்த்தால் அந்தக் கணக்கு துல்லியமானது.

கொலம்பியாவில் இரண்டு சட்டமன்றங்கள் உருவாயின. நவம்பர் இறுதியில் நான்கு நாட்கள் இரண்டும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தன. மேடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அவைத்தலைவர்கள், குடியரசுக் கட்சியின் மேக்கியும் ஜனநாயகக் கட்சியின் வாலசும். எழுந்து போனால் இடம் போய்விடும் என்று இரவும் அங்கேயே படுத்துக்கொண்டார்கள். டிசம்பரில் இரண்டு ஆளுநர்கள் பதவியேற்றார்கள். ஆனால் உண்மையில் யார் ஆள்கிறார் என்பதைத் தீர்மானித்தது வரி. முந்தைய ஆண்டு கட்டிய வரியில் பத்தில் ஒரு பங்கைத் தன்னிடம் செலுத்துமாறு ஹாம்ப்டன் நிலவுடைமையாளர்களைக் கேட்டார். செலுத்தினார்கள். சேம்பர்லினிடம் யாரும் செலுத்தவில்லை. மாநில மாளிகையும் அதைக் காத்த ஒன்றிய வீரர்களும் மட்டுமே அவரிடம் எஞ்சினார்கள்.

வாஷிங்டனில் நடந்ததை எல்லா நூல்களும் சொல்கின்றன, சுருக்கமாகச் சொன்னால் போதும். டில்டனிடம் 184 தேர்வாளர் வாக்குகள், தேவை 185. மக்கள் வாக்கில் அவர் இரண்டரை லட்சம் முன்னால். ஃபுளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகியவற்றின் 19 வாக்குகளும் ஓரிகனின் ஒன்றும் சர்ச்சையில் இருந்தன. பதினைந்து பேர் கொண்ட ஆணையம் ஒவ்வொரு முறையும் எட்டுக்கு ஏழு என்று பிரிந்து இருபதையும் ஹேய்ஸுக்குத் தந்தது. 185க்கு 184. தென் கரோலினாவின் ஏழு வாக்குகளில் ஒன்று பிசகியிருந்தாலும் அவர் ஜனாதிபதி இல்லை. அந்த ஏழையும் அவருக்குக் கொடுத்தவர்கள் யார் என்பதில் ஐயமில்லை.

மார்ச் 5 அன்று ஹேய்ஸ் பதவியேற்பு விழா. மாத இறுதியில் இரு ஆளுநர்களையும் வாஷிங்டனுக்கு அழைத்துப் பேசினார். ஏப்ரல் 10 நண்பகலில் கொலம்பியா மாநில மாளிகையிலிருந்து வீரர்கள் வெளியேறினார்கள். அடுத்த நாள் சேம்பர்லின் அலுவலகத்தை ஒப்படைத்தார். தன் கட்சியினருக்கு விடுத்த கடைசி அறிக்கையில், உங்கள் வாக்குகளால் தோல்வியிலிருந்து காப்பாற்றப்பட்ட ஜனாதிபதியின் ஆணையால்தான் நீங்கள் இன்று கைவிடப்படுகிறீர்கள் என்று எழுதினார். எனக்குத் தெரிந்து அந்த முழு விவகாரத்தில் அரசியல்வாதி ஒருவர் சொன்ன மிக நேரான சொல் இது. ஹேய்ஸ் கெட்டவர் அல்ல, வடக்கு சலித்துப் போயிருந்தது, காங்கிரஸ் படைக்குப் பணம் ஒதுக்க மறுத்திருக்கும் என்றெல்லாம் அவருக்காக வாதாடுகிறார்கள். அவை உண்மையான நெருக்கடிகள்தான். ஆனால் ஹாம்ப்டனின் வாக்குறுதியை நம்பினேன் என்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஹாம்பர்க்கில் யாரும் விசாரிக்கப்படவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

சேம்பர்லினே கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1901இல், கறுப்பர்களுக்கு வாக்குரிமை தந்ததே பிழை என்ற பொருள்பட ஒரு மாத இதழில் கட்டுரை எழுதினார். தோற்றவர்கள் வென்றவர்களின் வரலாற்றைத் தாமே எழுதிக் கொடுத்த அத்தாட்சி அது. பிரின்ஸ் ரிவர்ஸ் பதவி இழந்து மீண்டும் குதிரை வண்டி ஓட்டினார். 1887இல் இறந்தார்.

1882இல் எட்டுப் பெட்டிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பதவிக்கும் தனிப் பெட்டி. சரியான சீட்டைச் சரியான பெட்டியில் போடாவிட்டால் வாக்கு செல்லாது. எழுத்தறியாதவர் பார்த்து மனப்பாடம் செய்துகொள்ள முடியாதபடி பெட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 1895இல் டில்மன் முன்னின்று நடத்திய மன்றம் புதிய அரசமைப்பை எழுதியது. எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி, நீண்டகாலக் குடியிருப்பு நிபந்தனை எல்லாம் அதில் வந்தன. அந்த மன்றத்தில் இருந்த கறுப்பர்கள் ஆறு பேர், அவர்களில் ஒருவர் ஸ்மால்ஸ். ஆவணத்தில் கையெழுத்திட அவர் மறுத்தார்.

ஜனாதிபதித் தேர்தல்களில் குடியரசுக் கட்சி தென் கரோலினாவில் பெற்ற வாக்குகளை வரிசையாக வைத்தால் 1876இல் 91,786, 1880இல் 58,071, 1884இல் 21,733, 1900இல் 3,579. இந்தக் காலம் முழுவதும் மாநிலத்தில் கறுப்பர்களே பெரும்பான்மை. அந்த எண்களின் சரிவைக் கண்ட பிறகு 889ஐ அட்டவணையின் மற்ற வரிகளோடு வைத்துப் படிக்க எனக்கு மனம் வருவதில்லை. வெற்றி தோல்வியின் வித்தியாசம் என்று அதைப் பார்ப்பதைவிட, அச்சுறுத்தல் பாதி வேலையை முடித்துவிட்டு மறுபாதியை முடிக்கக் காத்திருந்த நாளில் எடுத்த ஓர் அளவீடு என்று பார்ப்பதே பொருந்தும்.

அந்தத் தேர்தலை அறிய விரும்புபவர்களுக்கு வேறொரு இடம் இருக்கிறது. 1876 டிசம்பரில் செனட்டின் குழு ஒன்று கொலம்பியாவுக்கு வந்து சாட்சிகளை விசாரித்தது. மூன்று பெரிய தொகுதிகள். குத்தகை விவசாயிகள், போதகர்கள், கூலிகள், எழுதப் படிக்கத் தெரியாத பலர், சத்தியப் பிரமாணம் செய்துகொண்டு பேசியிருக்கிறார்கள். யார் வந்தார், எத்தனை குதிரை, எந்தச் சாலை, யாரைச் சுட்டார்கள் என்று. ஆற்றங்கரையில் சுட்டவர்களின் பெயர்களை, அவர்கள் இன்னும் அக்கம்பக்கத்தில் வாழும்போதே சொல்லியிருக்கிறார்கள். சாட்சி சொல்லிவிட்டு அதே ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அறிந்தும் சொன்னார்கள்.

1895 அரசமைப்பின் தடைகளை உடைத்தது 1965இன் வாக்குரிமைச் சட்டம். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன மாநிலம் தென் கரோலினாவே. 1966இல் வழக்கில் தோற்றது. அந்த மாநிலத்திலிருந்து அதுவரை காங்கிரசுக்குச் சென்ற கடைசிக் கறுப்பினப் பிரதிநிதி ஜார்ஜ் மர்ரேயின் பதவிக்காலம் 1897இல் முடிந்திருந்தது. அவருக்கு அடுத்தவர் ஜிம் கிளைபர்ன். அவர் பதவியேற்றது 1993இல்.